பாடசாலைக்குச் சொந்தமான தளபாடப் பட்டறை: மாணவர் உழைத்த இடங்களின் வரலாறு தெரிந்தவர்கள் உதவவும்

ஒட்டுசுட்டான் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பகுதியிலுள்ள ஒரு பாடசாலையில் வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் பாடத்தைக் கற்பித்து வருகிறேன். வெளிநாட்டில் வாழும் எமது பழைய மாணவர்கள், பாடசாலை வளவுக்குள் ஒரு தளபாடப் பட்டறையை அமைத்துத் தர முன்வந்துள்ளார்கள். கட்டடம், வட்டவாள் இயந்திரம், இழைப்பு இயந்திரம், முதல் வருடத்திற்குரிய மரம் என்பவற்றை அவர்கள் தருவார்கள். உயர்தர மாணவர்களும் சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தியவர்களும் பிற்பகலில் அங்கு வேலை செய்வார்கள். செய்யப்படும் மேசை, கதிரை, அலுமாரிகளை அயற் பாடசாலைகளுக்கும் வீடுகளுக்கும் விற்று, வரும் வருமானத்தில் மாணவர்களுக்குக் கூலியும் பாடசாலைக்கு ஒரு பங்கும் கிடைக்கச் செய்வதே அவர்களுடைய எண்ணம்.

அதிபருக்கு இது பிடித்திருக்கிறது. ஆசிரியர் குழாம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வீட்டுக் கஷ்டத்தினால் கூலி வேலைக்குப் போய்ப் பாடசாலைக்கு வராமல் நிற்கும் பிள்ளைகளை இது மீட்டுத் தரும் என்கிறார்கள் சிலர். பாடசாலையை மரக்காலையாக்கப் போகிறீர்களா என்று கேட்கிறார்கள் மற்றவர்கள். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்கு முன்னர் ஒரு குறிப்பைத் தயாரித்துத் தருமாறு என்னிடம் கேட்கப்பட்டுள்ளது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஒரு பாடசாலையோ கல்லூரியோ தானே தளபாடப் பட்டறையை நடத்தி அதில் தன் மாணவர்களை வேலைக்கு அமர்த்திய வரலாறு எங்கெல்லாம் உண்டு? பொருளை யார் வாங்கினார்கள், மாணவருக்கு என்ன கிடைத்தது, கடைசியில் அப்பட்டறைகள் என்னவாயின? வெற்றிக் கதைகளை மட்டும் கூட்டத்தில் வாசித்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆகவே மூடப்பட்டவற்றைப் பற்றியும் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாவேன்.

வவுனியா நூலகத்தான்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பட்டறை வைத்திருந்த பாடசாலைகள் பல உண்டு. அவை ஒரே காரணத்திற்காகத் தொடங்கப்பட்டவை அல்ல. தொடங்கிய காரணமே பின்னர் அவற்றின் கதியையும் பெரிதும் தீர்மானித்தது என்பது என் வாசிப்பு. அதனால் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இத்தாலியின் தூரின் நகரம். அங்கு தொழில் தேடி வந்த ஏழைச் சிறுவர்களைக் கூட்டி வைத்திருந்த டொன் பொஸ்கோ என்ற குருவானவர், தொடக்கத்தில் அவர்களை வெளியிலுள்ள பட்டறைகளில்தான் பயிலுநராகச் சேர்த்தார். 1852 பெப்ரவரியில் ஒரு தச்சுப் பயிலுநனுக்காக அவர் முன்னின்று எழுதுவித்த ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. பையனுக்குத் தொழிலைக் கற்பிக்க வேண்டும், வீட்டு வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது, பிழை விட்டால் சொல்லித் திருத்த வேண்டுமேயன்றி அடிக்கக்கூடாது, திருநாள்களில் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அதில் முதலாளி கையொப்பமிட்டிருக்கிறார். இத்தனை நிபந்தனைகளை எழுத்தில் வாங்க வேண்டியிருந்தது என்றால், வெளிப் பட்டறைகள் எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். அடுத்த வருடமே அவர் தம் இல்லத்திற்குள் சப்பாத்துத் தைக்கும் பட்டறையையும் தையற் பட்டறையையும் தொடங்கினார்; 1856 இல் தச்சுப் பட்டறையும் வந்தது. பிள்ளைகளைக் காப்பதே அங்கு முதல் நோக்கம். வருமானம் பின்னால் வந்த விடயம். அந்த வழியில் வந்த சபையினர் மன்னார் மாவட்டத்தின் முருங்கனிலும் தொழிற்பயிற்சி நிலையம் நடத்துவதால், குழுவினர் நேரில் போய்ப் பார்ப்பதற்கும் வாய்ப்பு இருக்கிறது.

அடுத்தது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பினக் கல்வியாளரான புக்கர் ரி. வாஷிங்டன் 1881 இல் பொறுப்பேற்ற டஸ்கிகி நிறுவனம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட சமூகத்தின் பிள்ளைகள் படிக்க வந்தார்கள். கையில் பணம் இல்லை, தங்கக் கட்டடமும் இல்லை. ஆகவே கட்டடங்களையும் கட்டில்களையும் மாணவர்களே செய்தார்கள். அங்கு முதலில் செய்யப்பட்ட தளபாடங்களின் தரத்தைப் பற்றி வாஷிங்டன் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மாணவர் செய்த கட்டில்கள் அவ்வளவு பலவீனமாக இருந்தனவாம். காலையில் அறைகளைப் பார்க்கப் போனால் ஒன்றிரண்டு கட்டில்கள் நிலத்தில் பிரிந்து கிடப்பது வழக்கமாம். இருக்கைகளோ கரட்டுப் பலகைத் துண்டுகளை ஆணியடித்துச் சேர்த்த முக்காலிகள். செங்கல் செய்யப் புறப்பட்டபோது மூன்று சூளைகள் அடுத்தடுத்துத் தோற்றன. கையிருப்புத் தீர்ந்துபோனதனால் அவர் தம் கடிகாரத்தை அடகு வைத்துத்தான் நான்காவது சூளையை எரித்தார். அதற்குப் பிறகு அந்தச் செங்கல்லுக்கு வெளியிலும் வாடிக்கையாளர் வந்தார்கள். வந்தவர்கள் நல்ல செங்கல்லுக்காக வந்தார்களேயன்றி இரக்கப்பட்டு வரவில்லை என்பதை அவர் பெருமையோடு குறிப்பிடுவார். உங்கள் குறிப்பில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: உடைந்த கட்டில்களை விற்றிருந்தால் அந்த நிறுவனம் முதல் வருடத்திலேயே பெயர் கெட்டிருக்கும். அவர்கள் அவற்றில் தாங்களே படுத்துத் தாங்களே விழுந்தார்கள்.

டஸ்கிகியைப் பற்றிப் பேசும்போது அதன் மறுபக்கத்தையும் விட முடியாது. கைத்தொழிலையே முன்வைக்கும் கல்வி, கறுப்பின மக்களை உடலுழைப்பு என்ற வரம்புக்குள் நிறுத்திவிடும் என்று கறுப்பின அறிஞரான டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் 1903 இல் கடுமையாக எழுதினார். உங்கள் ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் இன்று சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

நீங்கள் கேட்டதற்கு மிகவும் நெருங்கிய உதாரணம் கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி. ஜோன் ஜி. ஃபீ என்ற அடிமைமுறை எதிர்ப்பாளர் 1855 இல் தொடக்கிய இந்த நிறுவனத்தினரை, 1859 இல் அடிமைமுறை ஆதரவாளர்கள் ஊரைவிட்டே துரத்தினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த பின்னர் அவர்கள் திரும்பி வந்து, கறுப்பு வெள்ளை மாணவர்களை ஒரே வகுப்பில் இருத்திப் படிப்பித்தார்கள். 1904 இல் மாநில அரசு அதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. 1908 இல் உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டத்தையே உறுதிப்படுத்தியது. 1950 இல்தான் அந்தக் கதவு மீண்டும் திறந்தது. இடம்பெயர்ந்து திரும்பி வந்து பாடசாலையை மறுபடி தொடங்குவது எப்படியானது என்பதை வன்னி ஆசிரியர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பெரியாவில் 1892 முதல் கற்பித்தலுக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. பதிலாக ஒவ்வொரு மாணவரும் வாரத்திற்குக் குறைந்தது 10 மணித்தியாலம் கல்லூரியின் ஏதாவதொரு வேலையைச் செய்ய வேண்டும். சமையலறை, அலுவலகம், பண்ணை, நூலகம் எல்லாம் இதில் அடங்கும். தச்சுப் பட்டறை அவற்றில் ஒன்று மட்டுமே. அங்கு கைப்பணி வளர்ந்த கதையும் சுவையானது. 1892 இல் தலைவரான வில்லியம் கூடெல் ஃபுரொஸ்ட், மலைக் கிராமங்களில் பெண்கள் தறியில் நெய்த போர்வைகளைக் கண்டு, பிள்ளைகளின் செலவுக்கு ஈடாக அவற்றை ஏற்றுக்கொண்டு வெளியூர்களில் விற்பித்தார். நெசவோடு மரவேலையும், பின்னர் தும்புத்தடி கட்டுதலும் சேர்ந்தன. 1909 இல் கல்லூரி தனக்கென ஒரு விருந்தினர் விடுதியைத் திறந்தபின் அதற்குரிய தளபாடங்கள் மாணவர் பட்டறையிலிருந்து போயின. ஆக, பட்டறையின் பெரிய வாடிக்கையாளர்களுள் ஒருவர் கல்லூரியே. கல்லூரிக்குப் பின்னால் கொடையாளர் சேர்த்துத் தந்த பெரும் நிரந்தர நிதியமும் இருந்தது. ஒரு வருடம் கதிரை விற்காவிட்டால் கல்வி நின்றுவிடும் என்ற நிலை அங்கு இருக்கவில்லை. இன்று வரையும் அந்தப் பட்டறை இயங்குவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மூடப்பட்ட ஒன்றையும் கேட்டீர்கள். ஒரிகன் மாநிலத்தின் பென்டில்டன் நகரில் ஹரிஸ் பைன் மில்ஸ் என்ற மர ஆலை இருந்தது. அதன் உரிமையாளர்கள் 1951 இல் அதனை ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபைக்கே நன்கொடையாகக் கொடுத்தார்கள். திருச்சபை தன் உயர்நிலைப் பாடசாலைகளை அண்டிக் கிளைத் தொழிற்சாலைகளை அமைத்தது. அங்கு மாணவர்கள் பைன் மரத்தில் பூச்சுப் பூசாத கட்டில்களையும் இழுப்பறைப் பெட்டிகளையும் பொருத்தி, உழைத்த பணத்தில் தங்கள் பாடசாலைக் கட்டணத்தைச் செலுத்தினார்கள். ஏராளமான பிள்ளைகள் அப்படிப் படித்து வெளியேறினார்கள். 1986 டிசம்பரில் நிறுவனம் முறிந்தது. முறிந்தபோது கிளைகளும் சேர்ந்தே மூடப்பட்டன. பாடப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கட்டணத்திற்கு வழி இல்லாமற் போனது. சந்தையில் ஓர் ஆலைக்கு ஏற்பட்ட நட்டம், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு வகுப்பறையைத் தொட்டதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் படித்ததில்லை.

கிளிநொச்சித் தளபாடக்காரன்

நூலகத்தான் ஐயா எழுதியதை முழுவதும் வாசித்தேன். வரலாற்றில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகத் தளபாடம் செய்து விற்பவன் என்ற முறையில், வன்னியில் அந்தப் பட்டறை எதைச் சந்திக்கும் என்பதை மாத்திரம் எழுதுகிறேன்.

ரீச்சர், முதல் வருடத்து மரத்தைத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம், எப்படிப்பட்ட மரம், எங்கிருந்து, எந்தப் பத்திரத்தோடு என்று கேளுங்கள். காடு நிறைந்த மாவட்டம் என்பதனால் மரம் மலிவாகக் கிடைக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். முதிரையும் பாலையும் காட்டில் நிற்கின்றனதான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு குற்றியைக் கூட உழவு இயந்திரத்தில் ஏற்ற முடியாது. சொந்தக் காணியில் நின்றாலும் பலாவையோ பெண் பனையையோ அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. பாடசாலையின் பெயரில் பத்திரமில்லாத மரம் பிடிபட்டால், அதிபர்தான் நீதிமன்றப் படி ஏற வேண்டும். மரக்காலையில் பற்றுச்சீட்டோடு வாங்குவதோ, மரக் கூட்டுத்தாபனத்தின் தேக்கை வாங்குவதோதான் பாடசாலைக்குப் பொருந்தும். இரண்டும் மலிவு அல்ல.

இரண்டாவது, காய்ந்த மரம். ஓர் அங்குலத் தடிப்புப் பலகை நிழலில் அடுக்கிக் காய ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. பச்சைப் பலகையை மாரியில் இழைத்துக் கதிரை செய்தால் அப்போது அது அழகாகத்தான் நிற்கும். சோளகம் பெயர்ந்து வன்னியின் அந்த வறண்ட காற்று வைகாசி தொடக்கம் அடிக்கும்போது கழுந்து (துளைக்குள் செருகும் முனை) சுருங்கும், துளை சுருங்காது, கதிரை ஆடத் தொடங்கும். பிள்ளைகள் கதிரையின் முன்கால்களைத் தூக்கிப் பின்கால்களில் சாய்ந்து ஆடுவார்கள். பின்காலும் இருக்கைச் சட்டமும் சேரும் அந்த மூட்டிலேயே முழுப் பாரமும் போய் விழும். பாடசாலைக் கதிரை உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அந்த மூட்டில் கழுந்தின் தோள் சட்டத்தோடு தாள் நுழையாமல் பொருந்த வேண்டும். அதைக் கையால் வெட்டப் பழகுவதற்கு நல்ல பிள்ளைக்கே மாதக்கணக்கு ஆகும். இயந்திரம் வந்தால் சுலபம் என்று நினைக்காதீர்கள். சரியாகக் கோடு போடத் தெரியாதவனுக்கு இயந்திரம் விரைவாகப் பிழை வெட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

முதிரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலைபோகும் மரம், மினுக்கினால் பட்டுப் போல் ஒளிரும். ஆனால் வாளையும் உளியையும் தின்னும். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் சிவப்பையும் உண்டாக்கும். முகமூடியும் தூசி இழுக்கும் விசிறியும் இல்லாத கொட்டிலில் அதைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

விற்பனைக்கு வருவோம். தளபாட ஓடர் பாடசாலைகளிலிருந்து வருவது வருட முடிவிலும் வருடத் தொடக்கத்திலும். அப்போது உங்கள் மாணவர்கள் விடுமுறையில் நிற்பார்கள். ஓடர் இல்லாத மாதங்களில் பட்டறை நிறைய ஆட்கள் நிற்பார்கள். பரீட்சை வந்துவிட்டால் பிள்ளையைப் பட்டறைக்கு அழைக்க உங்களுக்கு மனம் வராது, வரவும் கூடாது. கடைக்காரன் நானென்றால் இரவு முழுக்க நின்றும் ஓடரை முடித்துக் கொடுப்பேன். பாடசாலையால் அது ஏலாது. பிளாஸ்ரிக் கதிரையும் இரும்புச் சட்ட மேசையும் விற்கிற விலையோடு போட்டியிடுவது எங்களுக்கே கஷ்டம்.

இதனால் பட்டறையே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்களிடம் வேலைக்கு வரும் பெடியன்களுக்கு அளவுநாடாவை ஒழுங்காக வாசிக்கக் கூடத் தெரியாது. பாடசாலையில் இரண்டு வருடம் உளி பிடித்த பிள்ளை வந்தால் நான் முதல் நாளே நல்ல சம்பளம் கொடுப்பேன். ஆனால் விற்பனைக்காகச் செய்யத் தொடங்க முன்பு, பாடசாலைகளின் பின்பக்கத்தில் மலைபோல் குவிந்து கிடக்கும் உடைந்த மேசைகளைப் பாருங்கள். மீள்குடியேற்றக் காலத்தில் வந்த இரும்புச் சட்ட மேசைகளில் சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. மேலே போட்ட அட்டைப் பலகை மழை ஈரத்தில் ஊதிப்போனது. அதற்கு மேற்பலகை போட்டுக் கொடுப்பதில் அளத்தல், அறுத்தல், இழைத்தல், துளையிடல், மினுக்கல் எல்லாம் இருக்கிறது. பிழைத்தாலும் நட்டம் ஒரு பலகை.

ஓய்வுபெற்ற கல்வி அலுவலர்

மேலே இருவரும் எழுதியவை பயனுள்ளவை. நான் நம் பக்கத்து வரலாற்றையும் சட்டத்தையும் சேர்க்கிறேன்.

மாணவர் உற்பத்தியால் பாடசாலையை நடத்துவது என்ற எண்ணம் இந்தியாவில் மிக வெளிப்படையாக முன்வைக்கப்பட்டது 1937 இல். அவ்வருடம் ஒக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டில், ஒரு கைத்தொழிலை மையமாக வைத்துக் கற்பிக்கும் ஆதாரக் கல்வி ஏற்றுக்கொள்ளப்பட்டது; காலப்போக்கில் ஆசிரியர் சம்பளத்தைப் பிள்ளைகளின் உற்பத்தியே ஈடுசெய்ய வேண்டும் என்பதும், பொருளை அரசு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் அவருடைய எதிர்பார்ப்பு. நூற்றல், நெசவோடு மரவேலையும் அந்தக் கைத்தொழில்களில் ஒன்று. மாநாட்டிலேயே பொருளியலாளர் கே. ரி. ஷா இதை எதிர்த்தார். பாடத்திட்டத்தை வகுத்த ஸாகிர் ஹுஸைன் குழுவும், வருமானம் பெரிதாகிக் கல்வி பின்னால் தள்ளப்படும் ஆபத்து உண்டு என்று தன் அறிக்கையிலேயே எச்சரித்தது. திட்டத்தை ஏற்றவர்களே எழுதிவைத்த எச்சரிக்கை என்பதனால் அதற்கு எடை அதிகம்.

இலங்கையில் கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1930 களில், கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம் விவசாயத்தையும் கைப்பணியையும் பாடசாலைக்குள் கொண்டுவந்தது. 1972 சீர்திருத்தம் தொழில்முன் பாடங்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் வைத்தது. தச்சுவேலை, மீன்பிடி, மட்பாண்டம் எனப் பிரதேசத்துக்கு ஏற்பப் பாடசாலைகள் தெரிவு செய்தன. இரண்டுமே நிலைக்கவில்லை. நிர்வாகக் காரணங்களும் ஆட்சி மாற்றமும் உண்டு. ஆயினும் பெற்றோரின் மனதில், பட்டினத்துப் பிள்ளை ஆங்கிலமும் விஞ்ஞானமும் படிக்க எங்கள் பிள்ளைக்கு மட்டும் உளியா என்ற கேள்வி எழுந்ததையே நான் முதன்மையான காரணமாகக் கருதுகிறேன். அந்தக் கேள்வி நியாயமானதும் கூட. உங்கள் கூட்டத்திலும் அது எழும்.

இப்போது நூலகத்தான் சொன்ன அமெரிக்க உதாரணங்களுக்கு வருகிறேன். பெரியாவும் ஹரிஸ் ஆலையும் ஒரு வினாவுக்குக் கிடைத்த விடைகள்: கட்டணம் செலுத்த முடியாத பிள்ளை எப்படிப் படிப்பது? இலங்கையில் அந்த வினாவுக்கு 1945 இல் இலவசக் கல்வி விடை தந்துவிட்டது. இங்கு மாணவரின் உழைப்பைக் கழிப்பதற்குக் கட்டணம் என்று ஒன்று இல்லை. ஆகவே உழைப்புக்கு ஈடாகப் பணத்தைத்தான் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த கணத்தில் மாணவர் தொழிலாளி ஆகிறார், பாடசாலை தொழில் கொள்வோர் ஆகிறது. நீங்கள் வரலாற்றிலிருந்து எடுக்கும் மாதிரி இந்த இடத்தில் பொருந்தாது. இதைத் தெளிவாக உங்கள் குறிப்பில் எழுதுங்கள்.

தொழில் கொள்வோர் ஆனால் என்ன நடக்கும்? வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. 18 வயது நிரம்பாதவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்த முடியாது. வட்டவாளும் இழைப்பு இயந்திரமும் எந்தப் பக்கத்தில் வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உயர்தர வகுப்பில் அனேகர் 18 ஐ எட்டாதவர்கள். சேமலாப நிதி, விபத்து நட்டஈடு என்ற வினாக்கள் வேறு. ஒரு பிள்ளையின் விரல் போனால், அன்று கையொப்பம் வைத்த ஆசிரியர்தான் விசாரணைக்குப் போவார். நன்கொடையாளர் வேறொரு நேரவலயத்தில் நித்திரையில் இருப்பார். இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் சேவைக்காலத்தில் ஒரு பாடசாலைக்கு இவ்வாறே இயந்திரங்கள் கிடைத்தன. திறப்பு விழா நடந்தது, புகைப்படம் எடுத்தார்கள், பொறுப்பேற்க ஒருவரும் இல்லாமல் அறை பூட்டப்பட்டது. இயந்திரங்கள் பொலித்தீன் உறையுடனேயே துருப்பிடித்தன.

என் ஆலோசனை, கற்கும் இடத்தையும் விற்கும் இடத்தையும் பிரித்துவிடுவது. பாடசாலைக்குள் இருப்பது கைக்கருவிப் பட்டறையாக இருக்கட்டும். பாட நேரத்திலும் பிற்பகலிலும் ஆசிரியர் முன்னிலையில் பிள்ளைகள் பழகட்டும். செய்பவற்றைப் பாடசாலையே பயன்படுத்தட்டும். இயந்திரமும் விற்பனையும் உள்ள பட்டறையை, படிப்பை முடித்து 18 வயதைக் கடந்தவர்கள் அங்கத்தவராகும் ஒரு கூட்டுறவுச் சங்கமாகப் பாடசாலைக்கு வெளியே பதியலாம். வன்னிக்குக் கூட்டுறவு புதியதல்ல; சீவல் தொழிலாளர் சங்கங்கள் எத்தனையோ இடப்பெயர்வுக்குப் பின்னரும் எழும்பி நின்றன. அங்கத்தவர்களுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வழியையும் அதனூடாகவே செய்யலாம். கஷ்டப்பட்ட பிள்ளைக்குப் பணம் தேவை என்பதே பழைய மாணவர்களின் உண்மையான கவலை என்றால், அதை மாதாந்தப் புலமைப்பரிசிலாகக் கொடுக்கட்டும். எத்தனை கதிரை செய்தான் என்று எண்ணிக் கொடுக்க வேண்டாம். எதைச் செய்வதென்றாலும் வலயக் கல்விப் பணிமனையின் எழுத்துமூல அனுமதி கைக்கு வரும் வரை அத்திவாரம் வெட்ட வேண்டாம்.

புதுக்குடியிருப்புப் பெற்றோர் ஒருவர்

மன்னிக்கவும், ஒரு பெற்றோரின் பக்கத்திலிருந்தும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கூலி வேண்டாம், புலமைப்பரிசில் போதும் என்பது சொல்வதற்கு நல்லது. என் மூத்த மகன் சாதாரண தரத்தின் பின்னர் ஒரு வருடம் மேசன் வேலைக்குக் கையாளாகப் போனான். யாரும் அவனுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கவில்லை, யாரும் அவனுடைய வயதையும் கேட்கவில்லை. சட்டம் பாடசாலை வாசலில் மட்டும் நிற்கிறது. பிள்ளை எப்படியும் உழைக்கத்தான் போகிறது என்றால், ஆசிரியரின் கண்ணுக்கு முன்னால் உழைப்பது நல்லதல்லவா? தூரினில் அந்தக் குருவானவர் நினைத்ததும் அதுதானே?

அதே நேரம் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். பட்டறைக்கு வரும் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியவர்கள் மட்டும் என்ற நிலை வரக்கூடாது. கணிதப் பிரிவுப் பிள்ளையும் வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள், பிறகு என் பிள்ளை அந்தப் பக்கமே போகமாட்டான்.

ஒட்டுசுட்டான் ஆசிரியை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பெற்றோர் எழுதியதை வாசித்த பின்னர், அலுவலர் ஐயாவின் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் 18 வயதுக்குக் குறைந்தவர்களை இயந்திரத்தில் நிறுத்துவதில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கூட்டத்தில் வைக்கவிருப்பது பின்வருமாறு: முதல் வருடம் இயந்திரம் இல்லை, விற்பனையும் இல்லை. தளபாடக்காரர் சொன்னதைப் போல உடைந்த மேசைகளைத் திருத்துவது. எமது பாடசாலையினுடையவை முடிந்த பின்னர் அயற் பாடசாலைகளினுடையவை. உயர்தரத்தின் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்ப்பது. பழைய மாணவர்களின் பணத்தில் ஒரு பகுதி பிள்ளைகளின் போக்குவரத்துக்கும் பிற்பகல் உணவுக்கும் போகும். கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கான மாதக் கொடுப்பனவு தனியாக, பட்டறை வரவோடு தொடர்பில்லாமல் இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிய பேச்சை இரண்டாம் வருடத்திற்கு வைக்கிறோம். கைக்கருவிகளுக்கு ஒரு தச்சாசாரியாரை நாட்கூலிக்கு அமர்த்த அதிபர் சம்மதித்துள்ளார்.

தளபாடக்காரர் ஐயாவிடம் ஒரு கேள்வி. மேற்பலகைக்கு எந்த மரம், என்ன தடிப்பு? இரும்புச் சட்டத்தில் எப்படிப் பொருத்துவது?

கிளிநொச்சித் தளபாடக்காரன்

ரீச்சர், வேம்பு போதும், மரக்காலையில் காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள். பூச்சி அவ்வளவாக அண்டாது, உளிக்கும் இணங்கும். தேக்கு கிடைத்தால் நல்லது, பழகும் பிள்ளைக்கு வீணாக்க வேண்டாம். இழைத்த பின்னர் முக்கால் அங்குலம் நிற்க வேண்டும். ஒரே அகலப் பலகை தேடாதீர்கள், வளையும். மூன்று பலகையை விளிம்பு இழைத்துப் பசை வைத்துச் சேர்க்கப் பழக்குங்கள், ஆண்டு வளையம் ஒன்று மேல் நோக்கி, அடுத்தது கீழ் நோக்கி. பழைய சட்டத்திலுள்ள திருகாணித் துளைகள் வட்டமாக இருக்கும். அந்த அட்டைப் பலகைக்கு அது சரி, மரத்துக்குச் சரிவராது. பலகை மாரியில் விரிந்து சோளகத்தில் சுருங்கும்போது அகலப்பக்கத்தில் அசைய இடம் வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் வெடிக்கும். ஆகவே நடுத் துளைகளை அப்படியே விட்டு, இரு கரையிலுமுள்ள துளைகளை வட்ட அரத்தால் பலகையின் அகலத் திசையில் கால் அங்குலம் நீட்டி விடுங்கள், வாசர் போட்டுத் திருகாணியை மட்டமாக இறுக்குங்கள். பசையை இரும்பில் பூச வேண்டாம். முதல் மேசையைச் செய்ததும் படத்தை இங்கே போடுங்கள், மூட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.